நண்டுக் குட்டைக்கு வாயில் திறப்பு விழா

பக்கிரிக்குச் சம்பளமே பார்ப்பதற்குத்தான். செம்மங்குப்பத்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் வாசல் அறையில் உட்கார்ந்து, பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் மூலை முடுக்கையெல்லாம் காலையிலிருந்து சாயந்தரம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தவன் பீப்பாய், அடுத்தவன் லாரி, அடுத்தவன் சுற்றுச்சுவர். பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். கிள்ளையில் இருக்கும் அவருடைய சொந்த நண்டுக் குட்டையைப் பார்க்கத்தான் நாதியில்லை.

குட்டை என்றால் ஏரி மாதிரி நினைத்துவிட வேண்டாம். உப்பங்கழி ஓரத்தில் குத்தகைக்கு எடுத்த இடம், சுற்றிலும் வலை அடைப்பு, ஓரமாக ஒரு மோட்டார் கொட்டகை. ஓடு கழற்றிவிட்டுச் சதையில்லாமல் தொளதொளவென்று கிடக்கும் நண்டை வாங்கி உள்ளே விட்டு, கழிவு மீன் போட்டு வளர்த்தால், கொஞ்ச நாளில் சதை பிடித்துக் கெட்டியாகி நல்ல விலைக்குப் போகும். குட்டை நிலைத்துவிட்டால் வாட்ச்மேன் உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்பது பக்கிரியின் ஆசை. அவர் மனைவி ராணியம்மாளுக்கும் அதே ஆசைதான். ஆனால் மகள் தீபிகாவுக்குக் குழந்தை பிறந்ததில், கடலூர் செம்மண்டலத்தில் மகள் வீட்டிலேயே இருவரும் தங்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் குட்டைக்காரி தைலம்மாள் சாயந்தரம் ஒரு நடை போய் மீன் போட்டுவிட்டு வருவாள். பகலெல்லாம் குட்டை அநாதை. நண்டோ குறைந்துகொண்டே வந்தது. இந்தப் பருவமும் இப்படியே போனால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் சாகும்வரை அடுத்தவன் பீப்பாய்தான்.

"நீர்நாய் வேலையா இருக்கும்," என்றார் பக்கிரி.

"நீர்நாயோ ரெண்டு கால் நாயோ, பாத்தாத்தான தெரியும்?" என்றாள் ராணியம்மாள்.

மருமகன் ஜெயப்பிரகாஷ் செல்போன் கடை வைத்திருப்பவன். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட காமிரா ஒன்றைப் பக்கிரி கேட்டு வாங்கி வர, அவன் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் மாட்டினான். கிள்ளைக்குள் அந்தப் பக்கம் இணையக் கம்பி கொண்டு வந்திருப்பது நடுநாட்டு இழைவலை வாரியம் ஒன்றுதான். அந்த இணைப்பையும் வாங்கியாயிற்று. கொட்டகைக்குள் நின்று பார்த்தால் போனில் குட்டை பளிச்சென்று தெரிந்தது. கடலூர் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு.

"பழைய காமிரா மாமா, அதுவா வந்து காட்டாது," என்று ஜெயப்பிரகாஷ் விளக்கினான். "நாமதான் வெளியிலேர்ந்து உள்ள போய்ப் பாக்கணும். அதுக்கு ஒரு போர்ட் தெறக்கணும். இந்த நம்பர்ல வர்றவன இந்தக் காமிராவுக்கு அனுப்புன்னு ஒரு வரி எழுதணும், அவ்ளோதான். என் கையில இருந்தா டீ ஆறதுக்குள்ள போட்டுருவேன். ஆனா வாரியத்துக்காரன் தெருவுக்கே சேத்து ஒரே நெட்டு முகவரி குடுத்து எல்லாரையும் அதுக்குள்ள அடைச்சி வச்சிருக்கான். அந்த வரிய அவுங்க ஆபீஸ்லதான் எழுத முடியும்."

"ஒரு வரிதான?"

"ஒரே வரி மாமா."

அந்த ஒரு வரிக்காகப் பக்கிரி சிதம்பரம் பஸ் ஏறினார்.

வாரியத்தின் வட்டார அலுவலகம் சிதம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில் 'பொறுமையே இணைப்பு' என்று எழுதியிருந்தது. மேலாளர் செந்தமிழ்செல்வன் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"போர்ட்டுன்னு சொல்லாதீங்க பெரியவரே," என்றார் அவர். "வாரியத்துல நாங்க அத வாயில்னுதான் சொல்றது."

"சரிங்க சார். ஒரு வாயில் தெறக்கணும்."

"எதுக்கு?"

"நண்டப் பாக்கறதுக்கு."

செந்தமிழ்செல்வன் பேனாவைக் கீழே வைத்தார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் மின்விசிறியைக் குறைத்தார்கள்.

"இந்த இழைவலைய நாங்க எங்கெங்கயோ கொண்டு போயிருக்கோம் பெரியவரே. ஜனங்க உபயோகிக்கிறாங்க. அதுல வாரியத்துக்கு வருத்தம் இல்ல. ஆனா உபயோகிச்சதோட நிக்க மாட்டேங்கறாங்க. வாயில் கேக்கறாங்க. இன்னிக்கு உங்களுக்குத் தெறந்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. இப்படியே எல்லாரும் அவங்கவங்க பொருள அவங்கவங்களே பாத்துக்க ஆரம்பிச்சிட்டா, அப்புறம் வாரியம் எதுக்கு?"

"அது நல்ல கேள்விதான் சார்," என்றார் பக்கிரி.

மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு விதியை விளக்கினார். ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் வாரியத்தின் பார்வையில் ஒரே குடும்பம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் தனக்கென்று தனி வாசல் வைத்துக்கொள்வது முறையாகாது. ஆகையால் மற்ற எல்லாருடைய சம்மதமும் வேண்டும்.

"யார் யாருன்னு சொல்லுங்க சார், போய்க் கேட்டு வந்துடறேன்."

"அது எப்படிச் சொல்ல முடியும்? ஒருத்தர் விவரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கறதா? வாடிக்கையாளர் அந்தரங்கத்துல வாரியம் ரொம்பக் கண்டிப்பு."

யாரென்று தெரியாதவர்களிடம் சம்மதம் வாங்கப் பக்கிரி கிள்ளைக்குப் போனார். வீடு வீடாக ஏறி, "உனக்கும் எனக்கும் ஒரே முகவரியா?" என்று கேட்டார். கேட்டால் என்ன நடக்கும்? ஒருவர் பங்காளித் தகராறு என்று நினைத்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு வீட்டில், பாவம் வெயிலில் அலைந்ததில் ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். கடைசியில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஆட்சேபம் சொன்னவர் அந்தோணிசாமி ஒருவர்தான்.

"நீ பாட்டுக்கு வாசலத் தெறந்து வச்சிட்டு மறந்து போயிட்டீன்னா, என் வூட்டு நெட்டு அந்த வழியா வடிஞ்சி பூடாதா?"

"வடியாதுப்பா."

"அப்ப எழுதிக் குடு."

வடியாது என்று பக்கிரி எழுதிக் கொடுத்தார். வாரியத்துக்கு அந்தக் காகிதம் மிகவும் பிடித்துப் போய்விட்டது. இனி வரும் விண்ணப்பதாரர்கள் எல்லாரும் இதே போல ஒன்று தர வேண்டும் என்று செந்தமிழ்செல்வன் உத்தரவு போட்டார்.

அடுத்தது இட ஆய்வு. கள ஆய்வாளர் அருண்குமார் குட்டைக்கு நேரில் வருவார். ஆய்வு நடக்கும்போது உரிமையாளர் அங்கே இருக்கக் கூடாது.

"ஏன் சார், நான் கூட இருந்து காட்டறேனே," என்றார் பக்கிரி.

"நடுநிலைமைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க பக்கத்துல நின்னா குட்டை உங்களுக்குச் சாதகமா நடந்துக்கும்."

பக்கிரி இல்லாத பகலில் அருண்குமார் வந்துவிட்டுப் போனார். தைலம்மாள் போனில் சொன்னாள்: "நல்ல மனுசன்ப்பா. பெரிய பையோட வந்தாரு. பை நெறைய கருவிங்களாம். போவசொல்ல தூக்க முடியாம தூக்கிகினு போனாரு. பாவம், இன்னா வேலையோ."

இட ஆய்வு முடிந்தபின் ஈரப்பத ஆய்வு வந்தது. ஈரப்பத ஆய்வில் குட்டை ஈரமாக இருப்பதாகத் தெரிய வந்ததால் மறு ஆய்வு வந்தது. ஒவ்வொரு ஆய்வுக்கும் பக்கிரி வெளியே நின்றார். வார விடுமுறையில் போய்ப் பார்த்தால், முன்பு ஒன்றிரண்டாகக் குறைந்த நண்டு இப்போது கும்பலாகக் குறைந்திருந்தது. போதாக்குறைக்கு ராணியம்மாளின் அரைப் பீப்பாயையும் காணோம். நீல நிறப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து, பிடித்த நண்டைப் போட்டு வைக்க அவள் வைத்திருந்தது. யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக 'ராணி' என்று தன் பேரையே எழுதி வைத்திருந்தாள்.

"ஏன்யா, நீர்நாய் பீப்பாயக் கூடவா தூக்கிகினு போவும்?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கும் நண்டு வளக்குற ஆசை வந்துடிச்சோ இன்னாவோ," என்றான் ஜெயப்பிரகாஷ். ராணியம்மாள் பார்த்த பார்வையில் எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

பக்கிரிக்குப் பொறுக்கவில்லை. மறுபடி சிதம்பரம் போனார். "சார், திருட்டு ஜாஸ்தியா பூட்டுது. சீக்கிரம் தெறந்து வுட்டீங்கன்னா எவன்னு பாத்துடுவேன்."

செந்தமிழ்செல்வனின் முகம் கவலையில் நீண்டது. "திருட்டு நடக்கற எடமா? இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். அதுக்குப் பாதுகாப்பு ஆய்வுன்னு தனியா இருக்கு. அருண்குமார், நாளைக்கே போயிட்டு வந்துடுங்க."

அருண்குமார் கடமை தவறாதவர். உடனே பையை எடுத்து வைத்தார்.

ஆய்வெல்லாம் முடிந்து, நண்டிலும் பாதி முடிந்தபிறகு, விண்ணப்பம் எழுதும் கட்டம் வந்தது. அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மாதிரிப் படிவம் தொங்கிக்கொண்டிருந்தது. வாரியமே நிரப்பி மாட்டியது. கீழே சிவப்பு எழுத்தில் 'மாதிரிப்படியே நிரப்புக' என்று போட்டிருந்தது. காமிரா எண் என்று கேட்ட இடத்தில் பக்கிரி தன் காமிராவின் எண்ணை எழுதினார். படிவம் திரும்பி வந்தது. 'மாதிரிக்கு மாறாக உள்ளது' என்று மேலே கிறுக்கியிருந்தது. இன்னொரு தடவை எழுதினார். இன்னொரு தடவை வந்தது.

ஜெயப்பிரகாஷ் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தான். "சார், அது சும்மா மாதிரிக்குப் போட்ட நம்பர். ஒவ்வொரு காமிராவுக்கும் ஒவ்வொரு நம்பர் இருக்கும். அவுங்க நம்பரத்தான் அவுங்க எழுதணும்."

"தம்பி," என்றார் செந்தமிழ்செல்வன், "ஆளாளுக்கு அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒரு நம்பர் எழுதினா ஒழுங்கு என்ன ஆகறது? மாதிரின்னு ஒண்ண ஏன் மாட்டி வச்சிருக்கோம்? எல்லாரும் ஒரே மாதிரி எழுதறதுக்குத்தான்."

"பாஸ்வேர்டு கூடவா சார்?"

"பாஸ்வேர்டும் அதேதான். வாரியத்துல ஒளிவு மறைவு கிடையாது. பேரு மட்டும் உங்க பேர எழுதிக்கலாம். அந்தச் சலுகைய வாரியம் அனுமதிச்சிருக்கு."

ஜெயப்பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கிரி அவன் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்று, எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதினார். பார்ப்பதுதானே அவர் தொழில். படிவம் பிழையில்லாமல் இருப்பதாக அன்றே முத்திரை விழுந்தது.

வாயிலைத் திறந்துவிடுவார்கள் என்று பக்கிரி நினைத்தார். வாரியத்தின் வரலாற்றில் அது முதல் வாயில் என்பது அவருக்குத் தெரியாது. விழா வைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு கல் பதித்து அதில் அவர் பேரையும் குட்டையின் பேரையும் செதுக்கினார்கள். மேசைமேல் இருந்த, இணையக் கம்பி வந்து சேரும் கறுப்புப் பெட்டிக்கு மாலை போட்டுக் குறுக்கே நாடா கட்டினார்கள். தலைமையகத்திலிருந்து இயக்குநர் வந்திருந்தார். பக்கிரிக்குச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த உச்சிவேளைப் புழுக்கத்தில் சால்வைக்குள் அவர் வெந்துகொண்டிருக்க, இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, இது பக்கிரியின் வெற்றி என்று சிலர் நினைக்கலாம். இல்லை. பக்கிரிக்குள் இருந்த பொறுமையை இந்த வாரியம் மெல்ல மெல்ல வளர்த்தெடுத்ததே, அந்த வெற்றி இது. அவர் கேட்ட அன்றே திறந்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்திருக்கும். அவ்வளவுதான். இந்த விழா ஏது? இந்தக் கல்வெட்டு ஏது? உங்கள் கையில் இருக்கும் சுண்டல்தான் ஏது?"

கைதட்டினார்கள். நாடாவை வெட்டினார்கள். வாயில் அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் என்றும் ஞாயிறு விடுமுறை என்றும் அறிவித்தார்கள்.

மறுநாள் தொழிற்சாலை வாசல் அறையில் உட்கார்ந்தவாறே பக்கிரி போனில் அந்த எண்ணைப் போட்டார், பாஸ்வேர்டைப் போட்டார். படம் வந்தது. குட்டை இல்லை. ஒரு மேசை, ஒரு நாட்காட்டி, 'பொறுமையே இணைப்பு', அதற்குக் கீழே வழுக்கை விழுந்த ஒரு தலை. அந்தத் தலையைப் பக்கிரி நன்றாக அறிவார்.

"அட, மாதிரியில போட்டிருந்தது அவுங்க ஆபீஸ் காமிரா நம்பரு மாமா," என்றான் போனில் விவரம் கேட்ட ஜெயப்பிரகாஷ். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்பிடியே எழுத வச்சானுங்க இல்ல, அப்பிடியே தெறந்து வுட்டுட்டானுங்க."

பக்கிரி சிதம்பரம் போய்ப் போனை மேசைமேல் வைத்தார்.

"இது குட்டை இல்ல சார்."

செந்தமிழ்செல்வன் போனைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார். "குட்டைதான்."

"சார், இதுல நீங்க ஒக்காந்திருக்கீங்க."

"கோப்புல குட்டைன்னு இருக்கு பெரியவரே."

"ஒரே ஒரு தடவ கைய ஆட்டுங்க."

மேலாளர் கையை ஆட்டினார். போனில் இருந்தவரும் ஆட்டினார். செந்தமிழ்செல்வன் சற்று யோசித்தார். "ஒற்றுமை இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக? இயக்குநர் வந்து தெறந்து வச்ச வாயில். கல்வெட்டு இருக்கு. தப்புன்னு சொன்னா கல்ல எடுக்கணும், விழாவையே நடக்கலைன்னு ஆக்கணும். உங்க ஒருத்தருக்காக வரலாற்ற மாத்த முடியுமா? வேணும்னா ஒண்ணு பண்றேன். சந்தேகம் தீர சான்றிதழ் ஒண்ணு தர்றேன்."

தந்தார். இவ்வாயில் வழியே தெரியும் இடமும், அவ்விடத்தில் தெரியும் பொருட்கள் அனைத்தும் விண்ணப்பதாரர் கிள்ளை பக்கிரிக்கே உரியவை என வாரியம் சான்றளிக்கிறது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. பக்கிரி அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். அழுகை வரும் போலிருந்தது. ஒரு வரி. ஒரே ஒரு வரி.

அதன் பிறகு வேலையில் இருக்கும்போது, தொழிற்சாலைக் கட்டங்களோடு அந்தப் போன் கட்டமும் அவர் முன்னால் கிடந்தது. பழக்க தோஷம், அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அருண்குமார் உள்ளே வந்தார். இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். நீலநிற அரைப் பீப்பாய். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் 'ராணி'. உள்ளே நண்டு ஊர்ந்தது. அலுவலகமே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. ஒருவர் ஆசையாகத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து சட்டி வந்தது, இலை வந்தது. செந்தமிழ்செல்வன் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலைக்கு மேலே 'பொறுமையே இணைப்பு' என்று இருந்தது.

பக்கிரி போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த நண்டுக்கு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியதும், வடியாது என்று எழுதிக் கொடுத்ததும், புழுக்கத்தில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நடுநிலைமை வேண்டும் என்று தன்னைக் குட்டையை விட்டு வெளியே நிறுத்தியது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. அவர் கத்தவில்லை. வேலை முடியும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ராணியம்மாளிடம் சொன்னார்.

"என் பேரு எழுதுன பீப்பாயில என் நண்ட வச்சித் துன்றானுங்களா?" என்றாள் அவள். இடுப்பில் இருந்த பேரக்குழந்தையை மகளிடம் கொடுத்தாள். "போலீசுக்குப் போவலாம், கெளம்பு."

"போலீசு எதுக்கு? நம்ம எடத்துக்கு நாம போறதுக்கு எவன் துணை வேணும்? சான்றிதழ் இருக்கு. பாய எடு, அடுப்ப எடு."

மறுநாள் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு இருவரும் சிதம்பரத்தில் இருந்தார்கள். பெருக்க வந்தவர் கதவைத் திறந்ததும் உள்ளே போனார்கள். ராணியம்மாள் காமிராவுக்கு நேர் கீழே பாயை விரித்து, அடுப்பை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கிரி தன் வாட்ச்மேன் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றார். ஜெயப்பிரகாஷ் செம்மண்டலத்துக் கடையில் இருந்து போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான், பதிவும் செய்துகொண்டிருந்தான்.

செந்தமிழ்செல்வன் படியேறி வந்தார். பின்னால் அருண்குமாரும் மற்றவர்களும் வந்தார்கள்.

"எங்க போறீங்க?" என்றார் பக்கிரி.

"என்ன பெரியவரே, அலுவலகத்துக்கு."

"இது அலுவலகம் இல்ல சார். கோப்புல குட்டைன்னு இருக்கு." சான்றிதழை விரித்துக் காட்டினார். "இந்த எடம் என்னுது. இதுல தெரியிற பொருள் எல்லாம் என்னுது. உங்க கையெழுத்துதான்."

"சரி, சரி. மொதல்ல உள்ள விடுங்க, ஒக்காந்து பேசிக்கலாம்."

"இன்னிக்கு ஆய்வு சார். ஆய்வு நடக்கசொல்ல நீங்க உள்ள இருக்கக் கூடாது. நீங்க பக்கத்துல நின்னா நண்டு உங்களுக்குச் சாதகமா நடந்துக்கும்."

மேலாளர் வாசலிலேயே நின்றார். உள்ளே ராணியம்மாள் ஆய்வைத் தொடங்கியிருந்தாள். பீரோவுக்குப் பின்னால் இருந்து அரைப் பீப்பாயை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். உள்ளே மிச்ச நண்டு உயிரோடு இருந்தது.

"அது... மாதிரிக்கு எடுத்தது," என்றார் அருண்குமார் வாசலில் இருந்தபடியே.

"மாதிரிய மசாலா போட்டா எடுத்த?" என்றாள் ராணியம்மாள். "பை தூக்க முடியாம தூக்கிகினு போனியாமே. தைலம்மா உனக்காகப் பாவப்பட்டா. அவளாண்ட வந்து சொல்லு இத."

அருண்குமார் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். செந்தமிழ்செல்வன் தலைமையகத்துக்குப் போன் போட்டார். பதற்றத்தில் அவர் விரல் ஸ்பீக்கரில் பட்டதால் இயக்குநரின் குரல் படிக்கட்டெங்கும் கேட்டது.

"சான்றிதழ்ல என்ன இருக்கு?"

"அலுவலகம் அவருதுன்னு இருக்குங்க ஐயா."

"கல்வெட்டுல?"

"குட்டைன்னு இருக்குங்க ஐயா."

"அப்புறம் என்ன குழப்பம்? வாரியத்தோட ஆவணம் தப்பா இருக்க முடியாது. அப்படின்னா அங்க ஆக்கிரமிச்சு ஒக்காந்திருக்கறது நீங்கதான். உடனே காலி பண்ணிக் குடுத்துட்டு வேற எடம் பாருங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. செந்தமிழ்செல்வன் அத்தனை வருடமும் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டிய விதி, அன்று படியேறி அவரிடமே வந்து நின்றது. அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"நான் ஒங்க ஆபீஸ வச்சிகினு இன்னா பண்ணப் போறேன்?" என்றார் பக்கிரி. "இதுல நண்டு விட முடியுமா, தண்ணி நிக்குமா? எனக்கு வேண்டியது ஒரு வரி. மொத நாள் கேட்ட அதே வரி. என் காமிரா நம்பரப் போட்டு இன்னொரு வாயில தெறந்து வுடுங்க. படிவம் கெடையாது, விழா கெடையாது, ஞாயித்துக்கெழம லீவு கெடையாது. தெறந்துட்டீங்கன்னா நாங்க பாயச் சுருட்டிக்கறோம்."

"மாதிரி..." என்று ஆரம்பித்தார் செந்தமிழ்செல்வன்.

ராணியம்மாள் பீப்பாயிலிருந்து ஒரு நண்டை லாவகமாகப் பின்னால் பிடித்துத் தூக்கினாள். கொடுக்கு இரண்டும் அகலமாக விரிந்தன. மேலாளர் எழுந்து உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். பக்கிரி எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்டினார். டீக்குச் சொல்லியிருந்தார்கள். அது வந்து ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பக்கிரியின் போனில் கிள்ளை வந்தது. குட்டை, வலை அடைப்பு, வெயிலில் மினுங்கும் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீர்நாய் வலை கிழிந்த மூலை வழியாக ஏறி வந்து, ஒரு நண்டைக் கவ்விக்கொண்டு, சாவகாசமாக வந்த வழியே இறங்கிப் போனது.

"ராணி, இங்க பாரு," என்றார் பக்கிரி.

அவள் பார்த்தாள். "அது போவட்டும். வலையத் தச்சிட்டா தீந்துது. வயித்துக்கு ஒண்ணு எடுக்குது. யாரையும் நடுநிலைமைன்னு சொல்லி வெளிய நிக்க வைக்கலியே."

பாயைச் சுருட்டினார்கள். பீப்பாயைத் தூக்கினார்கள். செந்தமிழ்செல்வன் வாசல்வரை வந்தார். "அப்ப அந்த மொத வாயில மூடிடலாமா பெரியவரே? அதான் குட்டை கெடைச்சிடுச்சே."

"அது எப்பிடி சார் மூட முடியும்?" என்றார் பக்கிரி. "இயக்குநர் தெறந்து வச்சது. கல்வெட்டு இருக்கு. மூடறதா இருந்தா இன்னொரு விழா வைங்க, நான் வந்து பேசறேன். பாக்கறது என் தொழிலு. இத்தினி நாளு கம்பெனிக்காரன் பீப்பாயப் பாத்தேன். இனிமே உங்களப் பாக்கறேன்."

அந்தப் பருவம் குட்டை தப்பித்தது. கிழிந்த மூலையைத் தைத்தபிறகு நீர்நாய் வேறு குட்டை பார்த்துக்கொண்டது. பேரக்குழந்தை தவழ ஆரம்பித்ததும் பக்கிரி உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு ராணியம்மாளோடு கிள்ளைக்கே போய்விட்டார். கண்ணெதிரே இருக்கும் குட்டையைப் பார்க்க அவருக்கு இப்போது காமிரா வேண்டியதில்லை. மதியம் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அவரும் அவளும் போனில் பார்ப்பது மற்றதைத்தான். சாப்பாட்டு நேரத்தில் அருண்குமார் டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பார். மூடியைத் திறந்ததும் தலையை நிமிர்த்தி ஒரு தரம் காமிராவைப் பார்ப்பார். உள்ளே இருப்பது புளிச்சோறுதான் என்று தெரியும்படி டப்பாவைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்காருவார்.